வராத பெண்ணுக்கு வருகைப் பரிசு

"யமுனாவோட அம்மாவா பேசறது?"

"ஆமா. நீங்க யாரு?"

"வட்டாரக் கல்வி அலுவலகத்திலேருந்து பேசறேன்மா. நல்ல சேதிதான். உங்க பொண்ணு இந்த வருஷம் ஒரு நாள்கூட லீவு போடாம பள்ளிக்கூடம் வந்திருக்கா. அதுக்கு விழா வெச்சுப் பரிசு குடுக்கறோம். அவசியம் கூட்டிக்கிட்டு வரணும்."

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் கிறீச்சென்ற சத்தம். அந்த அம்மாள் போனை வேறு காதுக்கு மாற்றியது தெரிந்தது.

"எந்த யமுனா மேடம்?"

அப்பா பெயர், பிறந்த தேதி, ஏழாம் வகுப்பு என்று என்னிடம் இருந்ததையெல்லாம் படித்தேன்.

"அது எம் பொண்ணுதான். ஆனா அவ ஊட்லதான கீறா? மழைக்கு முன்னாடியே ஸ்கூலு நின்னுபோச்சே."

நான் பல வருஷம் அரசாங்கச் சம்பளம் வாங்கியவள். ஆகவே முதலில் எனக்குத் தோன்றியது என்னவென்றால், பட்டியல் தப்பாக இருக்காது, பெற்ற தாய்க்குத்தான் சரியான தகவல் போய்ச் சேரவில்லை.

முன்னேற்றம் எழுதுகிற வேலை

அடிப்படையில் நான் கணக்கு டீச்சர். ஆவடிப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் ஆசிரியர் பயிற்றுநர் என்று ஒரு பதவியில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். பள்ளிகளுக்குப் போய்ப் பார்ப்பதும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் வேலை. அதோடு இன்னொன்று. வட்டாரத்தின் எல்லா அரசுப் பள்ளிகளும் ஒரு வருஷத்தில் எவ்வளவு முன்னேறின, எவ்வளவு செலவழித்தன என்று வழவழப்பான தாளில் ஓர் ஆண்டறிக்கை போடுவோம். அதை எழுதுவது நான். இந்த வேலைக்கு என்னிடம் இருந்த தகுதிகள் இரண்டு. எனக்குத் தமிழ் தட்டச்சு தெரியும். நான் கேள்வி கேட்க மாட்டேன்.

ஆண்டறிக்கைக்கு ஒரே ஒரு இலக்கணம்தான். போன வருஷத்தைவிட இந்த வருஷம் மேலே இருக்க வேண்டும். எனக்கு முன்னால் இதை எழுதிய மனிதர் உற்சாகி. குழந்தைகளின் வாசிப்புத் திறனை நூற்றுக்கு ஒரு முழம் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஓய்வுபெற்றுப் போய்விட்டார். மேலே ஏற இடமில்லை. நான் எண்களை விட்டுவிட்டுச் சொற்களில் ஏற ஆரம்பித்தேன். முதல் வருஷம் 'பெருமளவு' மேம்பட்டது. அடுத்த வருஷம் 'வெகுவாக'. அதற்கடுத்து 'குறிப்பிடத்தக்க வகையில்'. நான்காம் வருஷம் 'முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு' மேம்பட்டது. அதற்கு மேல் தமிழில் சொல் இல்லை என்பதால் எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

செலவுப் பகுதி இன்னும் சுலபம். 'நிதி முழுமையாகப் பயன்படுத்தப்பட்டது' என்ற ஒரு வரிதான். அதை உண்மையாக்க மார்ச் மாதம் முழுக்க ஓடுவோம். ஒரு மார்ச்சில் எல்லாப் பள்ளிக்கும் இரண்டிரண்டு உலக உருண்டை வாங்கினோம். அடுத்த மார்ச்சிலும் பணம் மிஞ்சியது. மறுபடியும் உலக உருண்டை வாங்கினோம். ஏனென்றால் விலைப்பட்டியல் கையில் தயாராக இருந்தது. செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர், கோதண்டம் என்று பெயர், என்னிடம் சொன்னார்: "எங்க ஸ்கூல்ல நாலு உலகம் கீது மேடம். தண்ணிக் கொழா ஒண்ணுகூட இல்ல."

நகரத்துக்கே தண்ணீர் போகிற ஏரி அந்தப் பள்ளிக்கூட மதிலுக்கு அந்தப்பக்கம்தான். நான் சிரித்தேன். குழாயைப் பற்றி எழுதவில்லை. உலக உருண்டைகளை 'புவியியல் கற்றல் வளங்கள் இருமடங்காக்கப்பட்டன' என்று எழுதினேன்.

அறிக்கையை அச்சடிக்கும் செலவை மட்டும் எந்தத் தலைப்பில் காட்டுவது என்று ஒவ்வொரு வருஷமும் தடுமாறுவோம். கடைசியில் 'வாசிப்பை மேம்படுத்துதல்' என்பதில் போட்டோம். யாராவது வாசிப்பார்கள் இல்லையா என்றார் எங்கள் வட்டார அலுவலர். யாரும் வாசித்ததில்லை.

சுண்ணாம்பு மரங்கள்

இந்தத் திறமை எனக்குப் புதிதாக வந்ததில்லை என்று நினைக்கிறேன். என் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தவர். நாங்கள் குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். டெல்லியிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் இரண்டு நாள் முன்பே தெருவில் சுண்ணாம்பு வாசனை வந்துவிடும். வேப்பமரங்களின் இடுப்புவரை வெள்ளை அடிப்பார்கள். ஈரம் காய்வதற்குள் நாங்கள் போய்ச் சாய்ந்து முதுகெல்லாம் வெள்ளையாகி அடி வாங்குவோம்.

"எதுக்குப்பா மரத்துக்கு அடிக்காங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வாறவங்க கண்ணு மரத்துல நிக்கும்லா? அப்போ வீட்டுச் சுவரு விரிசலைப் பாக்க மாட்டாங்க" என்றார் அப்பா.

அவர் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. ஒரு தொழில்நுட்பத்தை விளக்குவது மாதிரி சொன்னார். நானும் அப்படியே கற்றுக்கொண்டேன்.

தேவகி வந்தாள்

போன் பேசிய மறுநாள் காலையில் யமுனாவின் அம்மா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். பெயர் தேவகி. கிடங்கு ஒன்றில் பெட்டி கட்டுகிற வேலை. நீலச் சட்டையைப் புடவைமேல் போட்டிருந்தாள். பின்னால் ஒல்லியாக, உயரமாக ஒரு பெண். அவள் எங்கள் சுவரில் ஒட்டியிருந்த பழைய கால அட்டவணையை எழுத்துக்கூட்டாமல் மளமளவென்று வாய்க்குள் படித்துக்கொண்டிருந்தாள்.

"இவதான் மேடம் யமுனா. நல்லா பாத்துக்கோங்க. ஒரு நாள்கூட லீவு போடாத பொண்ணு" என்றாள் தேவகி. குரலில் கிண்டல் இருந்தது. கண்ணில் இல்லை.

நடந்தது இதுதான். அவர்கள் குடியிருந்தது செம்பரம்பாக்கம் பக்கம். வாடகை வீட்டை இடித்துக் கிடங்கு கட்டப் போகிறார்கள் என்று காலி செய்யச் சொன்னார்கள். சேக்காட்டில் தங்கை வீட்டு மாடிக்கு வந்துவிட்டார்கள். யமுனாவை அங்கே பக்கத்துப் பள்ளியில் சேர்க்கப் போனால், பழைய பள்ளி தன் கணினிப் பதிவிலிருந்து பெயரை விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுக்க முடியும் என்றார்கள். சட்டப்படி உட்கார வைக்கலாம் என்று அந்தத் தலைமையாசிரியை ஒரு வாரம் உட்கார வைத்தும் பார்த்தார். பெயர் இல்லாததால் புத்தகம் வரவில்லை, சீருடை வரவில்லை, பரீட்சைப் பட்டியலிலும் அவள் இல்லை. எட்டாம் நாள் யமுனாவே போகமாட்டேன் என்றுவிட்டாள்.

"எல்லார் பேரும் கூப்புட்றாங்கோ மேடம். என் பேர மட்டும் கூப்புடல" என்றாள் அந்தப் பெண். அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"பழைய ஸ்கூல்ல போய்க் கேக்கலையாம்மா?" என்றேன்.

"மூணு தபா போனேன். ஒவ்வொரு தபாவும் ஒரு நாள் கூலி போச்சு. அந்த சாரு நல்லவருதான். டீ வாங்கிக் குடுப்பாரு. கொஞ்சம் பொறுத்துக்கம்மான்னு அனுப்பிச்சுடுவாரு. எவ்ளோ நாள் பொறுத்துகினு கீறது?"

கோதண்டம் சார்

அன்றைக்கே அந்தப் பழைய பள்ளிக்குக் கிளம்பிப் போனேன். பூந்தமல்லியில் இறங்கி வேறு வண்டி பிடித்து, லாரிப் புழுதியில் குளித்து போய்ச் சேர்ந்தபோது கோதண்டம் மதிய உணவு பரிமாறிக்கொண்டிருந்தார். அந்த ஊர்க்காரர்தான். குடும்பத்து நிலமெல்லாம் பிளாட்டாகிவிட்டது. இந்தப் பள்ளிக்கூடத்தைத்தான் மிச்சமிருக்கும் வயல் மாதிரி காவல் காத்துக்கொண்டிருந்தார்.

நான் வந்த காரணத்தைச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஆகஸ்டுல தலை எண்ணுவாங்க மேடம். நாங்க விளிம்புல நிக்கிறோம். ஒண்ணு கொறஞ்சாலும் கணக்கு வாத்தியார் உபரின்னு தூக்கிடுவாங்க. ஒரு பொண்ணுக்காக மத்த பசங்க கணக்கு இல்லாம போவணுமா? நீங்களே சொல்லுங்க, நீங்க கணக்கு டீச்சர்தான?"

"அதுக்காக தினமும் வந்ததா போடுவீங்களா சார்?"

"ஆப்சென்ட் போட்டா ஏன் வரலன்னு உங்க ஆபீசுலேருந்துதான் கேப்பாங்க. வந்ததா போட்டா யாரும் கேக்கல." கரண்டியை மறுபடியும் கையில் எடுத்தார். "சத்துணவுல மட்டும் அவளச் சேக்கல மேடம். முட்டைக்குப் பொய் சொல்ல மனசு வரல."

மற்றக் குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்தது, கோயில் திருவிழா வந்தது, சித்தப்பா கல்யாணம் வந்தது. எல்லோரும் ஒருநாளாவது வராமல் போனார்கள். வராத குழந்தைக்கு எதுவும் வராது. ஆகவே வட்டாரத்திலேயே முழு வருகை அவளுக்குத்தான்.

வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். மாதாமாதம் அடியில் 'பார்வையிடப்பட்டது' என்று பச்சை மையில் ஒரு கையெழுத்து. என்னுடையது. ஒவ்வொரு தடவையும் வந்திருக்கிறேன், பதிவேட்டைப் பார்த்திருக்கிறேன், டீ குடித்திருக்கிறேன். தலைகளை எண்ணியதில்லை.

அச்சுக்குப் போய்விட்டது

எங்கள் அலுவலர் கெட்டவர் இல்லை. ஓய்வுபெற ஒரு வருஷம் இருந்தது. அந்த ஒரு வருஷத்தைக் கண்ணாடிச் சாமான் மாதிரி தூக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

"மேடம், அறிக்கை அச்சுக்குப் போயாச்சு. இடைநின்ற குழந்தைகள் யாருமில்லைன்னு போட்டிருக்கோம். அட்டையில அந்தப் பொண்ணு போட்டோ. இப்பப் போய் அது இடைநின்னுடுச்சுன்னா என்ன அர்த்தம்?"

"அர்த்தம் அதுதானே சார். அது வீட்ல இருக்கு."

"விழா முடியட்டும். பரிசை வாங்கிக்கிட்டுப் போகட்டும். அதுக்கப்புறம் சத்தம் இல்லாம விடுவிச்சுடலாம். பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்தை சொல்லிக்குடுங்க. சென்னையிலேருந்து வர்ற பெரியவர் எதாவது கேட்டா பதில் சொல்லணும் பாருங்க."

சொல்லிக்கொடுத்தேன். இதை எழுத இப்போதும் கை கூசுகிறது. சேக்காட்டில் அந்த மாடிப்படியில் உட்கார்ந்து, "ஸ்கூல்னா எனக்கு ரொம்பப் பிடிக்கும்னு சொல்லு கண்ணு. போதும்" என்றேன். பொய் இல்லையே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

தேவகி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "வரோம் மேடம். ஆனா வெறும் பரிசுக்கு வரல" என்றாள்.

மண்டபத்தில்

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. காலையில்தான் அங்கே ஒரு திருமணம் முடிந்திருந்தது. வாழைமரங்களை அவிழ்க்கவில்லை. வாசலில் சந்தனக் கிண்ணமும் கற்கண்டும் அப்படியே இருந்தன. மேடையில் மணமக்கள் நாற்காலி இரண்டும் நடுவில் கிடக்க, ஒன்றில் சென்னையிலிருந்து வந்த உயரதிகாரியும் இன்னொன்றில் எங்கள் அலுவலரும் உட்கார்ந்தார்கள். வேறு இடம் இல்லை.

யமுனா பழைய சீருடையில் வந்திருந்தாள். அவள் வளர்ந்துவிட்டாள், பாவாடை வளரவில்லை. தேவகி மடிப்பைப் பிரித்து நீளமாக்கியிருந்தாள். பிரித்த இடத்தில் மட்டும் துணி வெளுக்காமல் புது நீலமாக ஒரு பட்டை ஓடியது.

பெயரை நான்தான் ஒலிபெருக்கியில் படித்தேன். கைதட்டினார்கள். உயரதிகாரி கனிவானவர், களைத்துப்போனவர். தண்ணீர் பாட்டிலும் சான்றிதழும் கொடுத்துவிட்டு, படம் எடுக்கிறவருக்காக அவள் தோளில் கை வைத்துக் கேட்டார்.

"எப்படிம்மா ஒரு நாள்கூட லீவு போடாம வந்தே?"

யமுனா என்னைப் பார்த்தாள். பிறகு நான் நீட்டிய மைக்கைப் பார்த்தாள்.

"ஸ்கூல்னா எனக்கு ரொம்பப் புடிக்கும் சார்" என்றாள். எங்கள் அலுவலர் தலையாட்டினார். அவள் நிறுத்தவில்லை. "அதான் சார், என்ன எப்ப சார் சேத்துப்பீங்க?"

கீழே சாப்பாட்டுக் கூடத்தில் யாரோ அண்டாவைத் தரையில் இழுத்தார்கள்.

"என்னம்மா சொல்றே?"

"நான் ஸ்கூலுக்குப் போவல சார். ஊட்ல கீறேன்."

எங்கள் அலுவலர் கல்யாண நாற்காலியிலிருந்து பாதி எழுந்து என் பக்கம் குனிந்தார். "கொழந்தை பயந்துபோச்சுன்னு சொல்லுங்க மேடம். சீக்கிரம்."

மைக் என் கையில்தான் இருந்தது. முன்வரிசையில் தேவகி எழுந்து நின்றிருந்தாள். கத்தவில்லை. நின்றாள், அவ்வளவுதான்.

"குழந்தை சொல்றது உண்மைதான் சார். பட்டியல் தப்பு. அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான்" என்றேன்.

இதைத் துணிச்சல் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் பெண்ணைப் பொய்க்காரி என்று ஒலிபெருக்கியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துணிச்சல் காட்டியது அவள்.

அதன் பிறகு

பல மாதமாக நடக்காதது விழாச் சாப்பாட்டில் பாயசம் பரிமாறுவதற்குள் நடந்தது. யாரோ யாருக்கோ போன் செய்தார்கள். கோதண்டத்தின் கணினியில் யமுனா விடுவிக்கப்பட்டு, சேக்காட்டுக் கணினியில் ஏற்றப்பட்டாள். பரிசைத் திரும்ப வாங்குவதற்கு விதி எதுவும் இல்லாததால் பாட்டிலும் சான்றிதழும் அவளிடமே இருந்துவிட்டன. முழு ஆண்டுத் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. திங்கட்கிழமை அவள் பெயரைக் கூப்பிட்டார்கள் என்று தேவகி போன் செய்து சொன்னாள். போனில் அழுதாள். அழுதுகொண்டே, "எனக்கு ஷிப்டு டைமாச்சு மேடம்" என்று வைத்துவிட்டாள்.

எனக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்தது. 'விழா மேடையில் உண்மைக்குப் புறம்பான சூழலை உருவாக்கியது ஏன்' என்று கேட்டிருந்தார்கள். நானே எழுதியிருந்தாலும் இவ்வளவு நன்றாக எழுதியிருக்க முடியாது. கோதண்டத்துக்கும் ஒரு குறிப்பாணை. அறிக்கை எழுதும் வேலை வேறொருவருக்குப் போனது. அடுத்த வருஷ அறிக்கையில் அவர் யமுனாவைச் சாதனைகள் பகுதியில் சேர்த்திருந்தார்: 'பள்ளிக்கு வெளியே இருந்த மாணவி தீவிர கள ஆய்வின் மூலம் கண்டறியப்பட்டுச் சேர்க்கப்பட்டார்.' மண்டபத்துக்குக் கொடுத்த வாடகை கள ஆய்வுச் செலவில் இருந்தது.

விழா நடந்த வருஷமே ஜூனில், நிர்வாக நலன் கருதி, என்னை மறுபடியும் கணக்கு டீச்சராக்கினார்கள். கோதண்டம் பள்ளியின் கணக்கு வாத்தியார் சொந்த ஊருக்கு மாறுதல் வாங்கிப் போயிருந்தார். அந்த இடத்துக்கு நான்.

கோதண்டம் என்னை வரவேற்கவில்லை, விரட்டவும் இல்லை. ஏழாம் வகுப்புப் பதிவேட்டைக் கொடுத்தார். பள்ளியில் புதிதாக ஒரு குழந்தை சேர்ந்திருந்ததால் மொத்தக் கணக்கில் யமுனா போன இடம் அடைபட்டிருந்தது. நான் பெயர் கூப்பிட்டேன். தலைகளையும் எண்ணினேன். இரண்டு குறைந்தது.

"லாவண்யா, ரமேஷ். எங்க சார்?"

அவர் ஜன்னல் வழியே ஏரிக்கரையைப் பார்த்தார். "ஆகஸ்டு வரைக்கும் விடுங்க மேடம். இந்தத் தபா போறது நீங்களாத்தான் இருக்கும்."

அன்றைக்கு முழுக்க யோசித்தேன். மெய்யாகவே யோசித்தேன். எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குப் பின்னம் வரவில்லை. நான் போய்விட்டால் இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? ஆனாலும் சாயந்திரம் இரண்டு பெயருக்கும் நேராக 'வரவில்லை' என்று போட்டுவிட்டு, சனிக்கிழமை தேடக் கிளம்பினேன்.

லாவண்யா மாங்காட்டில் அத்தை வீட்டில் இருந்தாள். பூக்கட்டிக்கொண்டிருந்தவளை இரண்டு வாரத்தில் அங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டோம். ஆகஸ்டில் எண்ணினார்கள். நான் உபரியானேன். உத்தரவு வந்த நாள் கோதண்டம் பஸ் நிறுத்தம் வரை என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தெரிஞ்சேதான செஞ்சீங்க?" என்றார்.

"தெரிஞ்சுதான் சார்."

"நான் தமிழ் வாத்தியார் மேடம். நாளைலேருந்து பின்னம் நான்தான் எடுக்கணும்." கோபமாகத்தான் சொன்னார். பஸ் கிளம்பியபோது ஜன்னலைத் தட்டி, "ரமேஷ் பத்தி எதுனா தெரிஞ்சா சொல்லுங்க" என்றார்.

ரமேஷின் அப்பா அம்மா கட்டட வேலைக்காரர்கள். திருமழிசைப் பக்கம் வேலை முடிந்து, மேஸ்திரியோடு வேறொரு மாவட்டத்துக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அங்குள்ள கல்வி அலுவலகத்துக்குப் பெயர், வயது, அடையாளம் எல்லாம் போட்டு எழுதினேன். போன மாதம் பதில் வந்தது. நல்ல தாளில், முத்திரையோடு ஒரே வரி: 'எமது வட்டாரத்தில் பள்ளிக்கு வெளியே குழந்தைகள் எவருமில்லை.'

இந்த வரியை எழுதுகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன்.